கார்டு செட்டில்மென்ட்: கடிதம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்

கிரெடிட் கார்டு பாக்கி 1,80,000 ரூபாய், 70,000 கட்டினால் முடித்துவிடலாம் என்று வசூல் ஏஜென்ட் போனில் சொல்கிறார், இன்றே ஜிபேயில் அனுப்பவா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். முதலில் வங்கியிடமிருந்தே செட்டில்மென்ட் கடிதம் வரட்டும். தொகை, கடைசி தேதி, மீதி தள்ளுபடி என்ற வரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். பணத்தை நேராகக் கார்டு கணக்கில் கட்டுங்கள், ஏஜென்ட் கையில் வேண்டாம். அப்புறம் நிலுவையில்லாச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்ட்' (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுதான் விழும், 'குளோஸ்ட்' (முழுதாகக் கட்டி முடித்தது) ஆகாது. பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இது கண்டிப்பாக இடிக்கும். அந்த எண்ணம் இருந்தால் பாக்கியைத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவு பத்து மணிக்குக் கூப்பிடுகிறார்களா? காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொல்லி வங்கிக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள்.