இனிஷியலில் சிக்கும் ரீஃபண்ட்: வரிக் கணக்கு கேள்வி–பதில்

வருமான வரி ரிட்டன் போட்டுத் தரும் சிறு அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை அதிகம். பதில்கள் 2024-25 நிதியாண்டை, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டை வைத்துச் சொல்லப்பட்டவை.

கேள்வி: பி.காம் முடித்து, ரிட்டன் போட்டுத் தரும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரமே சிலர் பாஸ்புக்கோடு வந்து "இப்பவே போட்டு முடிச்சிடுங்க" என்கிறார்கள். போடலாமா?

காகிதங்களை வாங்கி வையுங்கள். ரிட்டனை ஜூன் பாதிக்கு மேல் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸுக்கான (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) கணக்கை நிறுவனங்களும் வங்கிகளும் மே 31-க்குள் தந்தால் போதும். சம்பளத்துக்கான டிடிஎஸ் சான்றான படிவம் 16 கொடுக்க ஜூன் 15 வரை அவகாசம். வங்கிகள் வட்டி விவரத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பவும் மே 31 வரை நேரம் இருக்கிறது. ஆகவே ஏப்ரலில் திறந்து பார்க்கும் 26ஏஎஸ்ஸில் (ஒருவரிடம் பிடித்த வரியைக் காட்டும் துறையின் பட்டியல்) கடைசிக் காலாண்டு காலியாக இருக்கும். அதை நம்பிப் போட்டால் பிடித்தம் குறைவாகக் காட்டி ரீஃபண்ட் குறையும், அல்லது விட்டுப்போன வட்டிக்காகப் பிறகு நோட்டீஸ் வரும்.

பாஸ்புக்கை மட்டும் வைத்து வட்டி எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டில் ஐந்து வருடத்துக்கும் பாஸ்புக்கில் ஒரு வரவும் இருக்காது. ஆனால் வங்கி வருடா வருடம் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ்ஸும் பிடித்து, துறைக்குச் சொல்லிவிடும். "பணம் கைக்கே வரலையே" என்று வாடிக்கையாளர் சொல்வது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்தந்த வட்டியைக் காட்டுவதுதான் நல்லது. முதிர்ந்த வருடத்தில் மொத்தமாகக் காட்டப் போனால் வரி விகிதம் ஏறும். முந்தைய வருடங்களில் பிடித்த டிடிஎஸ்ஸைச் சேர்த்துக்கொள்வதும் சிக்கலாகும்.

டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் படிவம் 15ஜி, 15எச் கொடுத்தவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பிடித்தம் இல்லை என்றால் வரியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்தம் இல்லாத வட்டியும் ஏஐஎஸ்ஸில் (ஒருவரின் வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் தொகுப்பு) ஏறியிருக்கும். அதில் ஒரே வட்டி இரண்டு முறை பதிவாகியிருந்தால், அந்தப் பதிவுக்கு எதிரிலேயே மறுப்பைப் பதிவு செய்துவிட்டு ரிட்டன் போடுங்கள்.

கேள்வி: ரிட்டன் போட்டு, பரிசீலனையும் முடிந்துவிட்டது. ரீஃபண்ட் மட்டும் வரவில்லை. வருமான வரித் துறையின் போர்ட்டலில் "ரீஃபண்ட் தோல்வி" என்கிறது. வங்கிக்குப் போனால் கணக்கு சரியாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே தவறு?

பெரும்பாலும் இனிஷியலில். நம் பெயர்களுக்கே உரிய தொல்லை இது.

பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அதனால் ஆதாரில் "முருகேசன் கே" என்றும், வங்கியில் "கே.முருகேசன்" என்றும் இருப்பவர் பானில் "முருகேசன் கந்தசாமி" ஆகிவிடுகிறார். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதில் சிலருக்கு அப்பா பெயர் விழுந்திருக்கும், சிலருக்குச் சொந்தப் பெயரே விழுந்திருக்கும். கணினிக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் பானும் ஆதாரும். பிறந்த தேதியும் பாலினமும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். முதியவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், அதை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைக்காமல் விட்ட பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்த பான். அது உள்ளவருக்கு ரீஃபண்ட் வராது, டிடிஎஸ்ஸும் 20 சதவீதம் பிடிப்பார்கள். காலதாமதக் கட்டணம் 1,000 ரூபாயைப் போர்ட்டலில் "இதர வரவுகள் (500)" என்ற தலைப்பில் கட்டிவிட்டு இணைக்க வேண்டும். வேறு தலைப்பில் கட்டினால் பணம் போய்விடும், இணைப்பு நடக்காது. 80 வயது ஆனவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்து வங்கி. கிளையில் பான் நகலைக் கொடுத்து, கணக்கில் பான் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். பெயரையும் பானில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். "கணக்கு சரியாக இருக்கிறது" என்று கவுன்டரில் சொல்வது கணக்கு நடப்பில் இருக்கிறது என்பதைத்தான். பான் ஏறியிருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். வேறு வங்கியோடு இணைந்த வங்கி என்றால் ஐஎஃப்எஸ்சி (கிளைக் குறியீடு) மாறியிருக்கும். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. இன்னும் பழைய பாஸ்புக்கோடு வருபவர்கள் உண்டு, அதைப் பார்த்து எண்ணைத் தட்டிவிடாதீர்கள்.

பிறகுதான் போர்ட்டல். சுயவிவரப் பக்கத்தில் வங்கிக் கணக்கை மறுசரிபார்ப்புக்குக் கொடுங்கள். "சரிபார்க்கப்பட்டது" என்று வந்த பின் அந்தக் கணக்கை ரீஃபண்டுக்குத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு, சேவைகள் பகுதியில் உள்ள ரீஃபண்ட் மறுவெளியீட்டுக் கோரிக்கையைப் போட்டு மின்சரிபார்ப்பு (ஓடிபி போன்றவற்றால் உறுதிசெய்வது) செய்யுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கைச் சரிசெய்தால் பணம் தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

கேள்வி: ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவருக்கு ஐ.டி.ஆர்-4 போட வேண்டும். பாதிக்கு மேல் ஜிபே, போன்பே வரவு. லாபத்தை எப்படிக் காட்டுவது?

44ஏடி என்பது சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்ட அனுமதிக்கும் பிரிவு, ஐ.டி.ஆர்-4 அதற்கான ரிட்டன் படிவம். அதில் வங்கி வழியாக வந்த விற்பனைக்குக் குறைந்தது 6 சதவீதம், ரொக்க விற்பனைக்குக் குறைந்தது 8 சதவீதம். மொத்த விற்பனை 38 லட்சம், அதில் வங்கி வழி 26 லட்சம், ரொக்கம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1,56,000-மும் 96,000-மும் சேர்த்து 2,52,000 ரூபாய் லாபம். இது கீழ் வரம்புதான். உண்மையான லாபம் அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். விற்பனை வரம்பு 2 கோடி. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி.

தவறு நடப்பது வேறு இடத்தில். வங்கிக் கணக்கு வரவின் கூட்டுத்தொகையை அப்படியே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அதில் கைமாற்று வாங்கியது இருக்கும், நகைக்கடன் பணம் இருக்கும், சீட்டு எடுத்த தொகை இருக்கும். அறிக்கையை அச்செடுத்து, பெரிய வரவுகளின் ஓரத்தில் எது என்ன என்று கடைக்காரரையே எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அங்கே காட்டிய விற்பனையும் இங்கே காட்டுவதும் பொருந்த வேண்டும். ஜிஎஸ்டி தொகை நீங்கலாகவா, சேர்த்தா என்ற குழப்பத்தில்தான் பல வித்தியாசங்கள் பிறக்கின்றன.

சரக்கு இருப்பு, கையிருப்பு, வர வேண்டியது, தர வேண்டியது என்ற கட்டங்களில் போன வருட எண்களையே ஒட்டும் வேலை வேண்டாம். பிறகு கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு வருடம் 44ஏடி-யில் போட்டவர் அடுத்த ஐந்து வருடத்துக்குள் அதை விட்டு விலகினால், மீண்டும் ஐந்து வருடம் அதற்குள் வர முடியாது என்பதையும் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், முன்பண வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும்.

கேள்வி: காப்பீட்டு முகவருக்கும் ஐ.டி.ஆர்-4 போடலாமா?

கூடாது. கமிஷன், தரகு வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. வியாபார வருமானத்துக்கான ஐ.டி.ஆர்-3 போட்டு, செலவுகளைக் கணக்கில் எழுதிக் கழியுங்கள்.

கேள்வி: "பக்கத்து ஊரில் பிடித்தம் முழுவதையும் திருப்பி வாங்கித் தருகிறார்கள், பத்து சதவீதம் கொடுத்தால் போதும்" என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் செய்யாவிட்டால் ஆள் போய்விடுகிறார்.

போகட்டும். இல்லாத வீட்டு வாடகை, கட்டாத பாலிசி, கொடுக்காத கட்சி நன்கொடை என்று எழுதித்தான் அந்தப் பணம் வருகிறது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுப் படிவங்களில் பழைய வரிமுறையில் (கழிவுகள் அதிகம் உள்ள முறை) கழிவு கேட்பவர் பாலிசி எண், கடன் கணக்கு எண், வாடகை விவரம் எல்லாம் தர வேண்டும். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்காக நாடு முழுவதும் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. ரிட்டன் போட்டுக் கொடுத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பொய்யாகக் காட்டியதற்கு வரியின் மேல் 200 சதவீதம் வரை அபராதம். பொய் ரிட்டனுக்குத் துணைபோனவர் மேல் 278-வது பிரிவில் வழக்கும் போடலாம்.

ஏற்கெனவே அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டவர் உங்களிடம் வந்தால் வழி இருக்கிறது. 2025 டிசம்பர் 31-க்குள் என்றால் திருத்திய ரிட்டன். அதன் பிறகு புதுப்பிக்கப்பட்ட ரிட்டன், அதாவது ஐ.டி.ஆர்-யூ. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அதைப் போடலாம். வரி, வட்டியின் மேல் கூடுதலாக முதல் வருடம் 25, பிறகு 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். ரீஃபண்ட் கேட்க இதைப் பயன்படுத்த முடியாது. கட்டணத்தை ரீஃபண்டில் பங்காக வைக்காதீர்கள். படிவத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பலருக்கு மின்னஞ்சலே இல்லை. போர்ட்டலில் எங்கள் செல் நம்பரையும் மெயிலையும் கொடுத்துவிடலாமா?

வசதிதான், ஆனால் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் எல்லாம் உங்கள் பெட்டிக்கு வந்து மற்றவற்றோடு புதைந்துவிடும். குறைபாடுள்ள ரிட்டன் என்று வரும் நோட்டீஸுக்குப் பதில் தர 15 நாள்தான். பிறகு அவர் வேறு ஆளிடம் போனாலும் ஓடிபி உங்களுக்கே வரும். அவரது எண்ணையோ வீட்டில் மகன், மகள் எண்ணையோ கொடுங்கள். உட்கார வைத்தே ஒரு மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை அவர் டைரியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஓடிபி விஷயத்தில் இன்னொன்று. ரிட்டனைச் சமர்ப்பித்த 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு முடிய வேண்டும். "ஓடிபி அப்புறம் சொல்றேன்" என்று போனவரை மறந்துவிட்டால், சரிபார்த்த நாள்தான் தாக்கல் நாள். கெடு தாண்டியிருந்தால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ஆதாரோடு இணைத்த செல் தொலைந்துபோனவருக்கு, சரிபார்த்த வங்கிக் கணக்கு வழியாகக் குறியீடு பெறலாம். அதுவும் முடியாதவர்கள் ஐ.டி.ஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, பெங்களூரு 560500-இல் உள்ள துறையின் பரிசீலனை மையத்துக்கு (சி.பி.சி.) அனுப்பலாம். சரிபார்ப்பு பாக்கி உள்ளவர்களுக்கு ஒரு தனி நோட்டு போட்டு, தினம் கடை சாத்தும் முன் புரட்டுங்கள்.

கேள்வி: கணவர் அரசு ஊழியர், இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறேன். சம்பளம் என்று காட்டி 75,000 கழித்திருக்கிறார்கள். சரியா அம்மா/ஐயா?

சரியில்லை அம்மா. உங்கள் கணவர் உயிரோடு இருந்து வாங்கிய ஓய்வூதியம்தான் சம்பளத் தலைப்பில் வரும். குடும்ப ஓய்வூதியம் "பிற வருமானம்". அதில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது புதிய முறையில் 25,000 ரூபாய் (பழைய முறையில் 15,000), இதில் எது குறைவோ அதுதான் கழியும். ரிட்டனைத் திருத்தச் சொல்லுங்கள். நிலுவைத் தொகை சேர்ந்து வந்து அதற்கு வரிச்சலுகை கேட்டிருந்தால், ரிட்டனுக்கு முன்பே படிவம் 10இ போட்டார்களா என்றும் கேளுங்கள். போடாவிட்டால் சலுகையைத் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: ரிட்டன் பரிசீலனை முடிந்ததும் பெங்களூரு சி.பி.சி.யிலிருந்து வரும் பிடிஎஃப் பாஸ்வேர்ட் கேட்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது.

பாஸ்வேர்டாக பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி இல்லாமல் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கத்தில் சேருங்கள். ஏஐஎஸ்ஸுக்கும் இதேதான்.

கேள்வி: வரியைக் கட்டிவிட்டோம். ஆனாலும் பாக்கி என்று நோட்டீஸ். சலான் கையில் இருக்கிறது.

சலானில் மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள். 2024-25-இல் சம்பாதித்ததற்கு 2025-26 என்று இருக்க வேண்டும். அவசரத்தில் "2024-25" என்று தேர்ந்தெடுத்துவிடுவது சாதாரணம். தலைப்பு எண்ணையும் பாருங்கள்: மார்ச் 31 வரை கட்டுவது முன்பண வரி (100), அதன் பிறகு கட்டுவது சுயமதிப்பீட்டு வரி (300). இரண்டும் சரி என்றால், ரிட்டனில் பிஎஸ்ஆர் குறியீட்டின் (வரி கட்டிய வங்கிக் கிளையின் எண்) ஏழு இலக்கமும் சலானின் ஐந்து இலக்கமும் பிசகாமல் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஆண்டு தவறு என்றால் கட்டிய சில நாட்களுக்குள் போர்ட்டலிலேயே சலான் திருத்தம் கேட்கலாம். நாள் கடந்துவிட்டால் உங்கள் எல்லைக்கு உரிய மதிப்பீட்டு அதிகாரிக்குச் சலான் நகலோடு மனு கொடுங்கள். திருத்தம் ஏறிய பிறகு, மறுபரிசீலனைக் கோரிக்கை ஒன்றும் போட வேண்டும்.