சொல்தா தாத்தாவின் பதக்கங்கள்: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: காரைக்காலில் எங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. அவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து, இந்தோசீனப் போருக்குப் (இன்றைய வியட்நாம் பக்கம் பிரான்சு நடத்திய போர்) போனவர். ஒன்று வாள்கள் குறுக்காக வைத்த சிலுவை; நாடா நடுவில் வெளிர்நீலம், இரு ஓரமும் சிவப்பு, அதன்மேல் ஒரு சின்ன நட்சத்திரம். இன்னொன்று வட்டமானது, மஞ்சளும் பச்சையும் கலந்த நாடா. இரண்டிலும் பெயர் இல்லை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: பெயர் இல்லாதது வழக்கம்தான். பிரெஞ்சுப் பதக்கங்களில் பெற்றவர் பெயரைப் பெரும்பாலும் பொறிப்பதில்லை.

சிலுவை 'குருவா த கேர்' என்னும் போர்ச் சிலுவை. அதிலும் உங்களிடம் இருப்பது 1921-இல் உண்டாக்கிய, பிரான்சுக்கு வெளியே நடந்த போர்களுக்கான வகை. 1939-45 போருக்கான சிலுவையின் நாடா சிவப்பில் பச்சைக் கோடுகளோடு இருக்கும். ஆகவே குழப்பம் வேண்டாம். போர்முனையில் இருந்த எல்லோருக்கும் இதைக் கொடுத்துவிடவில்லை. படை உத்தரவில் ஒருவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினால்தான் கிடைக்கும். அந்தப் பாராட்டுக்கு 'சித்தாசியோன்' என்று பெயர். நாடாவின் நட்சத்திரம் பாராட்டு எந்த மட்டத்தில் வந்தது என்பதைக் காட்டும். வெண்கலம் என்றால் ரெஜிமெண்ட் அல்லது பிரிகேடு, வெள்ளி என்றால் டிவிஷன், தங்க முலாம் என்றால் அதற்கும் மேலே உள்ள கோர். நட்சத்திரத்துக்குப் பதில் வெண்கல ஓலை இருந்தால் இன்னும் உயர்ந்த மட்டம். வெள்ளி கறுத்தால் வெண்கலம் போலத் தெரியும். அதற்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வட்டப் பதக்கத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. மஞ்சள்-பச்சை நாடா இரண்டு பதக்கங்களுக்கு உண்டு. நடுவில் அகலமாக மஞ்சள், ஓரத்தில் மட்டும் பச்சை, பதக்கத்தில் பெண் தலையைச் சுற்றி நீல வளையம் என்றால் அது 'மெதாய் மிலித்தேர்', மிகவும் மதிப்பானது. நாடா முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கோடு கோடாக வந்து, பதக்கம் வெறும் வெண்கலமாக இருந்தால் அது 1953-இல் ஏற்படுத்திய இந்தோசீனப் போர் நினைவுப் பதக்கம். அது அந்தப் போரில் பணியாற்றியதற்கானது, வீரச்செயலுக்கானது அல்ல.

சரி, தாத்தா என்ன செய்தார் என்பது பதக்கத்தில் கிடைக்காது. சித்தாசியோன் தாளில்தான் இருக்கும். அதற்கு முதலில் அவருடைய 'மத்ரிகுல்' எண், அதாவது படையில் அவருக்குக் கொடுத்த பதிவு எண் வேண்டும். அவருடைய லிவ்ரே (படைப் பணி விவரம் எழுதிய சிறு புத்தகம்), பென்ஷன் காகிதங்கள், முன்னாள் வீரர் அட்டை எதிலாவது அந்த எண் இருக்கும். பெட்டியின் அடியில் விரித்த பழைய தாளைக்கூட விடாதீர்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றால், முன்னாள் சொல்தாக்கள் கூடும் இடமான புதுச்சேரி 'ஃபுவாயே து சொல்தா'வுக்கு வரும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அவர் எந்த ரெஜிமெண்டில் இருந்தார் என்பதாவது தெரியவரலாம்.

எண் கிடைத்ததும் பிரான்சின் போ நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். சாதாரண வீரர்களின் பணிக்கோப்புகளுக்கு அதுதான் இடம். அதிகாரியாக ஓய்வு பெற்றிருந்தால் பாரிஸை ஒட்டிய வேன்சேன் காப்பகம். கடிதம் பிரெஞ்சில், சுருக்கமாக இருக்கட்டும். பணிச் சுருக்கம் வேண்டும் என்பதோடு, சித்தாசியோன்களின் நகலும் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். சுருக்கத்தை மட்டும் கேட்டால் பதக்கத்தின் பெயரும் தேதியும் வரும், காரணம் வராமல் போகலாம். தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும், நீங்கள் அவர் பேரப்பிள்ளை என்பதற்கான ஆதாரத்தையும் இணையுங்கள்.

பெயர் எழுதும்போது கவனம். உங்கள் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. சுப்பராயன், குப்புசாமி போன்ற பெயர்களில் உகரம் வரும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து போடுவார்கள். 'சாமி'க்கு இரட்டை 'எஸ்'. முன்பெயர், குடும்பப்பெயர் இடம் மாறியும் இருக்கும். பிறப்புப் பதிவில் உள்ளபடி எழுதி, மற்ற வடிவங்களையும் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் பிரெஞ்சு அரசின் 'மெமுவார் தெசோம்' தளத்தைப் பலரும் முதலில் திறக்கிறார்கள். அதன் இந்தோசீனப் பட்டியல் போரில் இறந்தவர்களுக்கானது; உயிரோடு ஊர் திரும்பிய தாத்தா அதில் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். 'லெயோனோர்' தளமும் பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியோன் தொன்னேர் பெற்று 1977-க்கு முன் இறந்தவர்களுக்கு மட்டும்தான். வட்டப் பதக்கம் மெதாய் மிலித்தேராக இருந்தால், பிரெஞ்சு அரசிதழான 'ஜூர்னால் ஒஃபிசியேல்' பழைய இதழ்களையும் தேடிப் பார்க்கலாம்.

அப்புறம், கடிதத்தோடு லிவ்ரேயை அசலாக அனுப்பிவிடாதீர்கள். எழுத்து உள்ள எல்லாப் பக்கங்களின் ஜெராக்ஸ் போதும்.