மண் கேள்வி, மண் பதில்: கிரவல் நிலமும் மலைக்காடும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லைப் பற்றியே பேசுகின்றன. மாரி முடிந்து நிலம் இறுகத் தொடங்கினால் அலவாங்கு பிடித்தவர்களுக்கெல்லாம் என் ஞாபகம் வந்துவிடும். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்திலும் இப்படித்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: ஐயா, திருகோணமலைக் கன்னியாவுக்கு அப்பால் மலையடிவாரத்தில் எங்களுக்குச் சிறிய காணி ஒன்று இருக்கிறது. முழுக்கக் கிரவல், சிறுகல் நிறைந்த மண். கத்தரியும் மிளகாயும் வைத்தால் தண்ணீர் விட்ட மூன்றாம் நாளே தலை தொங்கிவிடுகிறது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், அதே மண்ணில், பாலை மரமும் வீரை மரமும் யாரும் தண்ணீர் விடாமலே செழித்து நிற்கின்றன. காட்டுக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் வருகிறது? — கன்னியா வாசகர்

பதில்: தம்பி, கல் ஒன்றாக இருக்கலாம். மண்ணும் ஒன்றுதான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலியோரம் குனிந்து அந்தப் பக்கத்துச் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை. அதன் கீழே பாதி உக்கி, வெள்ளைப் பூஞ்சண நூல் ஓடிய இலை. அதற்கும் கீழே இரண்டு விரல் கனத்தில் கறுத்த மண். அந்தக் கறுத்த மண்ணைக் கிள்ளி எடுத்தால் தனியாக வராது, மெல்லிய வேர்களோடு சேர்ந்து பின்னலாக வரும். கூழாங்கல்லைத் தூக்கினால் அதன் அடியிலும் வேர் ஒட்டியிருக்கும். உங்கள் பக்கத்தில் அந்த இரண்டு விரல் மண் இப்போது இல்லை. காடு வெட்டி, நெருப்பு வைத்து, சில மாரி மழைக்குத் திறந்து விட்டதும் அது போய்விட்டது. மிச்சம் கிடப்பதைத்தான் நீங்கள் கிரவல் என்கிறீர்கள்.

கல் தண்ணீர் பிடிக்காது, உரமும் பிடிக்காது. நம் பக்கத்துக் கிரவலில் வெள்ளையாகக் கிடப்பவை குவார்ட்ஸ் என்ற படிகக்கல். எத்தனை மழை பெய்தாலும் கரைந்து பயிருக்கு எதையும் கொடுக்காத கல் அது. 2 மில்லிமீற்றரைவிடச் சிறிய துணிக்கைகள் மட்டுமே ஈரத்தையும் சத்தையும் வைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் நிலத்தில் எவ்வளவு கல், எவ்வளவு மண் என்று அளந்து பாருங்கள். ஆய்வுகூடம் வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள், வெட்டிய அவ்வளவையும் ஒரு சாக்கில் கொட்டுங்கள், ஒரு பிடிகூடச் சிந்தக் கூடாது. குழிக்குள் மெல்லிய பொலித்தீனை விரித்து, போத்தலால் அளந்து விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 10 லீற்றர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு சாக்கிலுள்ளதைக் கட்டி உடைத்து 2 மில்லிமீற்றர் கண் உள்ள வலையில் அரியுங்கள். வலையில் நின்ற கல்லைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிறைத்த வாளிக்குள் மெதுவாக இறக்குங்கள். வழிந்த தண்ணீரைக் கீழே ஒரு தட்டத்தில் ஏந்தி அளக்க வேண்டும். 4 லீற்றர் வழிந்தால் உங்கள் நிலத்தில் நூற்றுக்கு 40 பங்கு கல். அந்த அளவுக்கு ஈரம் வைத்திருக்கும் இடம் குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் கத்தரி தலை தொங்குவதில் என்ன ஆச்சரியம்?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மண் பரிசோதனைக்குக் கொடுத்தால், ஆய்வுகூடத்தில் முதலில் 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்துக் கல்லை ஒதுக்கிவிட்டுத்தான் சோதிப்பார்கள். வரும் அறிக்கை மெல்லிய மண்ணுக்கு மட்டும் உரியது. ‘பொட்டாசியம் போதும்’ என்று அதில் இருந்தால், கல் கழித்த பங்கில்தான் போதும். 40 பங்கு கல் உள்ள நிலத்தில் அறிக்கை சொல்லும் சத்தில், அதே கன அளவுக்கு, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 60 பங்குதான் உண்மையில் இருக்கிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தோடு சண்டை பிடிக்காதீர்கள்.

காட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டீர்கள். நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி தை வரைதான். கல் மண்ணில் அந்த மழை ஓடிப் போகாமல் விரைவாகக் கீழே இறங்கிவிடும். உங்கள் மிளகாய் வேருக்கு அது நட்டம். பாலைக்கு அதுதான் சேமிப்பு. பாலையின் வேர் கிரவல் படையைத் துளைத்து, கீழே உக்கிய பாறையின் வெடிப்புகளுக்குள் போகிறது. தென்மேற்குக் கச்சான் காற்று வீசி மேல்மண் சாம்பலாய்ப் பறக்கிற ஆனி, ஆடியில் அங்கே இன்னும் ஈரம் இருக்கும். அந்த மாதங்களில்தானே நாம் பாலைப்பழம் வாங்கித் தின்கிறோம். சாப்பாட்டை மட்டும் அந்த மரம் மேலே இருந்து எடுக்கிறது, தன் சருகு உக்கிய அந்த இரண்டு விரல் மண்ணிலிருந்து. மரம் போனால் சருகு போகும், சருகு போனால் கறுத்த மண் போகும். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த நம் பெரியவர்கள் இரண்டு மூன்று போகத்தோடு அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். சோம்பலில் அல்ல.

அப்புறம் என்ன செய்வது? கல்லைப் பொறுக்கி வெளியே எறிய வேண்டாம். மேலே தளர்வாகக் கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், வெயிலில் ஈரம் பறப்பதையும் குறைக்கும். கை மிஞ்சின பெரிய கற்களைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில், வரம்பாக அடுக்குங்கள். மாரியில் ஓடி வரும் மண் அதன் மேல்பக்கத்தில் தங்கும். மிளகாயை மறந்துவிட்டு மா, மரமுந்திரிகை, விளாத்தி என்று வையுங்கள். மாவுக்கு மூன்று அடி நீள அகல ஆழத்தில் குழி வேண்டும். அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கி, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து மூடுங்கள். குப்புறப் போட்டால் மட்டை தண்ணீரை வழித்துவிடும். இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் குப்புறத்தான் போடுவார்கள். கறி மரக்கறி வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், சிறிய பாத்தியில் கிளிரிசீடியா மரத்து இலையைத் தடிப்பாகப் போட்டு, தண்ணீரையும் உரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஒரே நாளில் கொட்டிய யூரியா அடுத்த மழையோடு உங்கள் கிணற்றுக்குத்தான் போகும்.

கேள்வி: சேர், நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். பரல் நிறைந்த மலைக்காட்டு மண்ணின் இயல்புகளை எப்படி விளக்குவது? எங்கள் பக்கத்து மலைகளிலும் நுவரெலியா மலைகளிலும் உள்ளது ஒரே மண்ணா? — திருகோணமலை நகர மாணவி

பதில்: பிள்ளை, பரல் என்றால் 2 முதல் 75 மில்லிமீற்றர் வரையான கல். அதற்கு மேல் போனால் வேறு பெயர். கன அளவில் நூற்றுக்கு 15 பங்கைத் தாண்டினால் பரல் மண், 35ஐத் தாண்டினால் மிகு பரல் மண், 60க்கு மேல் போனால் அது கல்லுக்குள் கொஞ்சம் மண். எண்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொள். மண்ணைப் புரிந்துகொள்ளக் கல்லின் விளிம்பைத் தடவிப் பார். கூர்மையாக இருந்தால் அது மேலேயிருந்து உடைந்து சரிவில் இறங்கிய கல், அல்லது நின்ற இடத்திலேயே பாறை உக்கியபோது மிஞ்சிய கல். உருண்டையாக இருந்தால் எப்போதோ ஆறு உருட்டிய கல். மலைக்காட்டு மண்ணில் பெரும்பாலும் கூர்மைதான் கையில் படும்.

மலையில் மண்ணின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உச்சியிலும் செங்குத்துச் சரிவிலும் ஒரு சாண்கூட இருக்காது, அடிவாரத்தில் ஆள் ஆழத்துக்குச் சேர்ந்திருக்கும். மேலே சருகுப் படை, அடுத்து சேதனப் பொருள் கலந்த கறுத்த மண், அதன் கீழே நிறம் வெளிறி அல்லது சிவந்து கல் கூடிக்கொண்டே போகும், முடிவில் உக்கிய பாறை. சில இடங்களில், குறிப்பாக நம் உலர் வலயத்துச் செங்கபில மண்ணில், மேலே ஓரளவு மெல்லிய மண்ணும் சற்று ஆழத்தில் கிரவல் அடுக்கும் காணலாம். அதில் கறையானுக்கும் பங்கு உண்டு. அது சிறு துணிக்கைகளை மேலே தூக்கி வந்து புற்றுக் கட்டுகிறது, தூக்க முடியாத பரல் கீழே தங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் கறையானுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு எப்போதும் மனக்குறை.

நுவரெலியா விஷயம் வேறு. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குளிரில் இலை மெதுவாகத்தான் உக்கும், அதனால் கறுத்த படை தடிப்பாகச் சேரும். மழையும் பனிமூட்டமும் கல்சியம், மக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு போவதால் மண் அமிலமாக இருக்கும். இங்கே வெப்பத்தில் சருகு சீக்கிரம் உக்கி, மிச்சத்தைக் கறையானும் காட்டுத்தீயும் எடுத்துக்கொள்ளும். கறுத்த படை மெல்லியது. ஆனால் கழுவல் குறைவு என்பதால் அமிலத்தன்மையும் குறைவு. இரண்டு இடத்திலும் தாய்ப்பாறை நைஸ் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைதான், மண்ணை வேறாக்கியது காலநிலை. ஒரு நாள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பாறை வெடிப்பில் நிற்கும் செடியைப் பார். அந்த வெடிப்பில் சேர்ந்திருக்கும் ஒரு பிடி மண்தான் இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம்.

கேள்வி: பூச்சட்டிக்குக் காட்டுச் சருகு மண் இரண்டு பை அள்ளி வரலாமா? — உப்புவெளி வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. வன இலாகாவின் காட்டில் கை வைப்பது சட்டப்படியும் குற்றம். உங்கள் வளவில் விழும் வேப்பிலையையும் மாவிலையையும் எரிக்காமல் ஒரு மூலையில் குவித்து ஈரம் போட்டு வாருங்கள், அடுத்த மாரிக்கு அதே கறுத்த மண் கிடைக்கும்.

கேள்வி: கல் மண்ணில் தண்ணீர் நிற்காது என்கிறீர்கள். என் மகள் ஹப்புத்தளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மலை முழுக்கக் கல் மண்தான். பிறகு ஏன் மண் சரிகிறது? — தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, தண்ணீர் கல் மண்ணில் நிற்காது என்பது மேலே உள்ள கதை. விரைவாக இறங்கிய தண்ணீர் கீழே பாறையிலோ களிப் படையிலோ முட்டி நின்றுவிடும். மழை தொடர்ந்தால் அந்த இடத்தில் நீரின் அழுத்தம் கூடி, மேலே உள்ள மண்ணைப் பாறையிலிருந்து கிளப்பிவிடுகிறது. கல்லும் மண்ணும் ஒன்றோடொன்று உரசிப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. காட்டில் வேர்கள் பாறை வெடிப்பு வரை போய்த் தைத்து வைத்திருக்கும். மரம் வெட்டி, சரிவைக் குடைந்து வீட்டுக்குத் தளம் எடுத்து, பழைய வடிகானை மூடிவிட்டால் தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேலேயிருந்து காலங்காலமாகச் சரிந்து சேர்ந்த மண்ணின் மேல்தான் அந்த லயன்கள் நின்றன.

மகளிடம் சொல்லி வையுங்கள்: தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து வரும் மரமும் மின்கம்பமும், புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் பழைய ஊற்று. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பகல் வெளிச்சத்திலேயே இடம் மாற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்று அளவு வைத்திருக்கிறது. நேரான சுவருள்ள தகர டின் ஒன்றை மரம் கூரை மறைக்காத வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் ஏறக்குறைய அளவு தெரியும். மருமகன் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: காணியில் கிரவல் அகழ்ந்து லொறிக்குக் கொடுத்தால் நல்ல காசு தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? — மூதூர் வாசகர்

பதில்: சொந்தக் காணியென்றாலும் விற்பதற்கு அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். பத்திரம் யார் பெயரில், எந்தக் காணிக்கு, எத்தனை கியூப் கன அளவுக்கு என்று பார்க்காமல் லொறியை உள்ளே விடாதீர்கள். பத்திரம் இருந்தாலும் முதலில் மேல்மண்ணைச் சுரண்டி ஓர் ஓரத்தில் தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள், அகழ்ந்து முடிந்ததும் அதையே திரும்பப் பரப்ப வேண்டும். ‘பிறகு பார்ப்போம்’ என்று சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.