குடிநோய்க்கு எந்தச் சிகிச்சை? பாலக்காட்டுச் சித்தூர் வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி: கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும்படி ஒருவர் மாத்திரை தருகிறார். கொடுக்கலாமா ஐயா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள், அம்மா. அப்படிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிரமாக இருக்கும். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறிப் பிறகு சிதைகிறது. அந்தச் சிதைவை இம்மருந்து தடுத்துவிடுவதால், குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகக்கூடும். கள்ளும் மதுதான், ஆகவே தோப்பில் இறக்கிய கள்ளைக் குடித்தாலும் இதே விளைவுதான். மாத்திரையை நிறுத்தி 14 நாட்கள் வரை இந்த அபாயம் நீடிக்கலாம். விளைவை முழுமையாக அறிந்து, தாமே சம்மதித்து, மனைவியின் கண்முன் விழுங்குபவருக்கு இது நல்ல மருந்து. ஏமாற்றிக் கொடுத்தால் நஞ்சு.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர்: பல வருடமாகத் தினமும் குடிக்கும் அப்பாவை வீட்டிலேயே வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்கலாமா?

வேண்டாம், தம்பி. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். இந்த ஒரு வாரச் சிகிச்சை வெறும் நுழைவாயில்தான். இதோடு குணமாகிவிட்டதென்று வீட்டுக்கு அழைத்துவந்து, மறுபடி குடிக்கும்போது அவரைப் பழிக்கும் குடும்பங்களைப் பார்க்கையில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர்: குடியை விட உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் இரண்டில் எது மேல்?

உறுப்புகளின் நிலையைப் பொறுத்தது. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மழுங்கடிக்கிறது; கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு ஏற்றதன்று. அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் நோயாளிகள் பலருக்குப் பொருந்தும், ஆனால் தினம் மூன்று வேளை தவறாமல் விழுங்க வேண்டும்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகி: மருந்தில்லாமல், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் மட்டும் போதுமா?

சிலருக்குப் போதும். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த இயக்கம் கட்டணம் கேட்பதில்லை. வாழ்நாள் முழுவதும் துணை தருகிறது. ஆயினும் கடுமையாக நடுங்குபவர் முதலில் மருத்துவரிடம் போகட்டும். கேரள அரசின் விமுக்தி என்னும் போதை மீட்பு மையங்களிலும் சிகிச்சை உண்டு. சேர்க்கும் முன், ஆலோசகர் தமிழில் பேசுவாரா என்று கேளுங்கள். வெட்கத்தையும் குற்றவுணர்வையும் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் யாராலும் சொல்ல முடியாது. சங்கிலியால் கட்டி வைக்கும் இடமென்றால் உடனே திரும்பிவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.