குழுவைப் பூட்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் என் ஊர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஊர்க்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போனவர்களும் திருப்பூரில் வேலை செய்பவர்களும் அதன் வழியாகத்தான் ஊரோடு தொடர்பில் இருக்கிறார்கள். இப்போது காலை வணக்கப் படங்கள், ஃபார்வர்டு செய்திகள், கட்சிச் சண்டை என்று குழு சீரழிகிறது. அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றிவிட எண்ணுகிறேன். டெலிகிராமுக்கு மாறுவது நல்லதா என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நாள் முழுவதும் பட்டறையில் குனிந்து வேலை செய்துவிட்டு, இரவில் ஊருக்காக இன்னொரு பொறுப்பையும் நீங்கள் சுமக்கிறீர்கள் என்பது என்னை நெகிழச் செய்தது. டெலிகிராம் பேச்சை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலேயே 1,024 பேர் வரை சேரலாம். உங்கள் ஊருக்கு அது போதும். காலை வணக்கப் படங்களும் கிடக்கட்டும். தொலைவில் தனியாக இருக்கும் ஒருவர், தாம் நலமாக இருப்பதை ஊருக்குத் தெரிவிக்க அதைவிட எளிய வழியை அறியாதவராக இருக்கலாம்.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அட்மின் மட்டும் பதிவிடும் வசதி 2018இல் வந்தது. அதன் பிறகு குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் என்று எத்தனையோ குழுக்கள் வெறும் அறிவிப்புப் பலகைகளாகிவிட்டதைப் பார்த்து நான் வருந்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

மழைக்காலத்தில் உங்கள் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவு மழையில் ஏதோ ஒரு வளைவில் பாறை சரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் பார்ப்பவர் விடியற்காலையில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணாக இருப்பார். குழு திறந்திருந்தால் அவர் அங்கேயே நின்று ஒரு வார்த்தை சொல்லுவார். கீழே இருப்பவர்கள் குப்பனூர் வழியாகச் சுற்றி வருவார்கள். நீங்கள் பூட்டியிருந்தால் அவர் உங்கள் எண்ணைத் தேடி உங்களுக்குத் தனியே அனுப்ப வேண்டும். அப்போது நீங்கள் பட்டறையில் பற்றவைப்பு வேலையில் இருப்பீர்கள். உங்கள் கை ஓய்ந்து நீங்கள் போனை எடுத்துப் பார்க்கும்வரை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி உங்கள் சட்டைப்பையில் கிடக்கும்.

ஃபார்வர்டு செய்திகளுக்கு அஞ்சித்தான் பூட்டுகிறேன் என்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கருதிக் கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அந்தப் புரளி வாட்ஸ்அப்பில்தான் ஊர் ஊராகச் சென்றது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. இவை வேகத்தைக் குறைக்கும். ஆனால் பொய்யைப் பொய் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். "அந்த ஊர் எனக்குத் தெரியும், அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று எழுதக்கூடிய ஒருவர் உங்கள் குழுவில் நிச்சயமாக இருக்கிறார். பூட்டினால் முதலில் வாயடைத்துப்போவது அவர்தான். நாளைக்கு நீங்களே ஒரு தவறான செய்தியை நம்பிப் பதிவிட்டால், உங்களை மறுக்க அங்கே யார் இருப்பார்கள்?

நான் வளர்ந்த அம்மாப்பேட்டைத் தெருவில் தறி வீடுகள் அதிகம். எழுதத் தெரிந்த பையன் என்பதால் கடிதம் எழுத என்னை அழைப்பார்கள். வீட்டுக்காரம்மா சொல்லச் சொல்ல நான் நீல இன்லண்ட் தாளில் எழுதுவேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து "நான் கேட்டேன்னு போடு" என்பார். நூல் சுற்றிக்கொண்டிருக்கும் பெண் தன் அண்ணனுக்கு ஒரு சேதி சேர்ப்பாள். தாள் நிறைந்து, ஒட்டும் மடிப்பின் ஓரத்திலும் எழுத்து ஏறும். ஒருவர் பெயருக்குப் போகும் கடிதத்தில் தெருவே பேசியது. இந்தத் தெருவில் யாருக்குப் பேசத் தகுதி உண்டு என்று எவரும் கேட்டதில்லை. எழுத்தறியாத அந்தப் பாட்டிகளுக்கு இன்று குரல் பதிவு இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு, மலையில் பேசும் பேச்சிலேயே பேசி, வயநாட்டுத் தோட்டத்தில் இருக்கும் மகன் கேட்கும்படி அனுப்பலாம். அதையா பூட்டப் போகிறீர்கள்?

கடுமையாகவே சொல்கிறேன். சண்டை போடுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களை முகம் பார்த்துக் கண்டிக்கத் தயங்கிக்கொண்டு, ஊரின் வாயை மொத்தமாக அடைப்பது கோழைத்தனம். குழுவைத் தொடங்கியவர் நீங்கள் என்பதால் ஊரின் பேச்சு உங்கள் உடைமையாகிவிடாது.

செய்ய வேண்டியவை சில உண்டு. யார் பதிவிட்ட செய்தியையும் எல்லோர் பார்வையிலிருந்தும் நீக்கும் வசதி 2022 முதல் அட்மினுக்கு இருக்கிறது. புரளியை அப்படி எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ரேஷன், மின்தடை, திருவிழா வரி போன்றவை பேச்சில் புதைந்துபோகின்றன என்றால், அறிவிப்புக்கு மட்டும் தனிக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு இதைத் திறந்தே விடுங்கள். சண்டைக்காரர்களை நேரில் பார்த்துப் பேசுங்கள். கேட்காவிட்டால் அவர்களை மட்டும் நீக்குங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, இதுவரை குழுவில் ஒரு சொல்லும் பதிவிடாத பெண்களின் வீடுகளுக்குப் போய், குரல் பதிவு அனுப்புவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்