வாசகர் கேள்வி-பதில்: மரக்கப்பல்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: மரப்படகு என்றால் உயிரையே விடும் ஒரு குழுவோடு கடல்சார் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகப்போகிறேன். நண்பர் சேர்த்துவிட்டார். ஒரே பலகையின் முன்னால் அரை மணி நேரம் நின்று பேசுவார்களாம். எனக்குப் பயணம் பிடிக்கும், படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் தனியாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அவர்களோடேயே நில்லுங்கள். தனியாகப் போனால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், கப்பலை அண்ணாந்து பார்ப்போம், பெயர்ப்பலகையைப் படிப்போம், படம் எடுப்போம், அடுத்த அறைக்குப் போய்விடுவோம். இந்தக் குழுக்காரர்கள் முதலில் குனிவார்கள். பலகையும் பலகையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி, அது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்களுக்கும் பாதிக் கதவு திறந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் படகுகளில் ஓடு வேய்ந்த மாதிரி ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். பலகைகளை ஒன்றோடொன்று இரும்பு ஆணியால் இறுக்கி வெளிக்கூடு முழுவதையும் முதலில் கட்டிவிட்டு, உள்ளே வங்குகளை, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை, பிறகுதான் வைத்தார்கள். பிற்காலத்துப் பெரிய ஐரோப்பியக் கப்பல்களில் பலகைகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் வங்குகளை முதலில் நிறுத்தி, அவற்றின் மேல் பலகை அடிப்பார்கள். இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூசுகிற கலப்பத்து வேலை இங்கேதான் உயிர்நாடி. மூன்றாவது வகையில் ஆணியே இருக்காது. பலகை விளிம்புகளில் துளையிட்டுக் கயிற்றால் தைத்துவிடுவார்கள். இந்தியப் பெருங்கடலில் நூற்றாண்டுகளாக ஓடிய முறை அது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலும் அப்படித் தைத்ததுதான், சீனப் பீங்கான்களை ஏற்றிக்கொண்டு போனது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், குழுவில் யாரிடமும் தைரியமாகப் பேச்சுக் கொடுக்கலாம்.

அடுத்தது வளைவுகள். கப்பலில் வளைந்த உறுப்பு எதையாவது பார்த்தால் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு அங்கேயே பிளந்துகொள்ளும். அதனால் காட்டுக்குப் போய், தேவையான வளைவிலேயே வளர்ந்து நிற்கும் மரத்தையும் கிளை பிரியும் கவட்டையையும் தேடிப் பிடித்து வெட்டினார்கள். நிற்கும் மரத்தில் கப்பலின் உறுப்பைக் கண்டுபிடிக்கிற கண் இருக்கிறதே, எனக்கு அதுதான் இந்தக் கலையிலேயே பெரிய விஷயம். இதைப் பற்றி உங்கள் குழுவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்த அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று அப்புறம் புரியும்.

இன்னொன்று, வழி இருந்தால் கப்பலுக்கு அடியில் போய் நில்லுங்கள். தண்ணீரில் மிதக்கும்போது கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகிறது. கரையில் ஏற்றிவிட்டால் சில முட்டுகள்தான் தாங்க வேண்டும், முட்டுக் கொடுத்த இடத்தில் பாரம் கூடும், நடுவில் உள்ள மரம் மெல்ல மெல்லத் தொய்யும். லண்டன் கிரீனிச்சில் உள்ள கட்டி சார்க் 1869-இல் கட்டியது, இரும்பு வங்குகளின் மேல் மரப்பலகை போர்த்திய கப்பல். 2007-இல் தீ விபத்தில் சிக்கி, 2012-இல் மறுபடி திறந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், அடியில் நடந்து போகலாம். அப்படித் தூக்கியது கப்பலின் உடம்புக்கு நல்லதா என்று நிபுணர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். உங்கள் குழுவும் போடும், பக்கத்தில் நின்று கேளுங்கள்.

கேள்வி: பழைய கப்பலின் மரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா?

பதில்: பழைய மரத்தைத் தொடாதீர்கள், கை ஈரமும் எண்ணெயும் அதற்கு ஆகாது. புதுமரத்தில் வேலை நடக்கும் பட்டறை இருந்தால் அங்கே கேட்டுவிட்டுத் தொடுங்கள். வாய்ச்சியால் செதுக்கிய பலகையின் மேல் விரலை ஓட்டினால் வெட்டு விழுந்த ஒவ்வோர் இடமும் தெரியும்.

கேள்வி: சுவீடனின் வாசா கப்பல் 333 ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் முழுசாக மேலே வந்தது என்கிறார்கள். மரம் எப்படி மக்காமல் இருந்தது?

பதில்: 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டே வெளியேறாமல் சாய்ந்து மூழ்கியது வாசா. மேல்பாரம் அதிகம், கப்பலை நிமிர்த்தி வைக்க அடியில் போட்ட கல் போதவில்லை. 1961 ஏப்ரல் 24 அன்று வெளியே எடுத்தார்கள். அது தப்பித்ததற்கு முக்கியக் காரணம் பால்டிக் கடலின் தண்ணீர். உப்பு மிகவும் குறைவு என்பதால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. சாதாரண உப்புக் கடலில் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தை அந்தப் புழு விட்டுவைக்காது. 1545-இல் மூழ்கி 1982-இல் எடுத்த இங்கிலாந்தின் மேரி ரோஸைப் பாருங்கள், சேற்றில் புதைந்த பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது, மறுபக்கம் இல்லவே இல்லை.

ஆனால் உண்மையான பாடு கரைக்கு வந்த பிறகுதான். நூற்றாண்டுகள் ஊறிய மரத்தைச் சும்மா காயவிட்டால் அதன் நுண்ணறைகள் ஒடுங்கி, சுருங்கி, வெடித்துவிடும். அதனால் தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைப் புகுத்த, 17 ஆண்டுகள் வாசாவின் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பதினேழு ஆண்டுகள்! ஒரு மனிதரின் பணிக்காலத்தில் பாதி. அதோடும் முடியவில்லை. கடலடியில் மரத்துக்குள் சேர்ந்த கந்தகமும், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அமிலமாக மாறுவதை 2000-இல் கவனித்தார்கள். அருங்காட்சியகத்தின் ஈரப்பதத்தை இன்னும் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள், பிறகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருப்பிடிக்காத உலோகத்தில் மாற்றினார்கள். அங்கே வெளிச்சம் மங்கலாக இருக்கிறது, மேலே ஏற விடுவதில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள், அந்தக் கட்டுப்பாடுகள் இருப்பதால்தான் பார்ப்பதற்கு ஒரு கப்பல் இருக்கிறது.

போனால் தச்சர்களின் கருவிகளைத் தேடிப் பாருங்கள். கப்பலுக்குள் கிடைத்த அளவுகோல்களில் சில 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடி, சில 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலில் இரண்டு ஊர்த் தச்சர்கள் இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

கேள்வி: மாதிரிக் கப்பல்களையும் புதுப்பித்த கப்பல்களையும் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அசல் இல்லையே.

பதில்: இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அசல் கப்பல் தன் உருவத்தைத்தான் காட்டும். அது எப்படி ஓடியது என்று தெரிய வேண்டுமானால் இன்னொன்றைக் கட்டித் தண்ணீரில் விட்டாக வேண்டும். டென்மார்க்கின் ரோஸ்கில்டே அருகே 1962-இல் ஐந்து வைக்கிங் காலக் கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள், எதிரி வரும் நீர்வழியை அடைப்பதற்காக வேண்டுமென்றே மூழ்கடித்தவை. அவற்றில் நீளமான போர்க்கப்பலின் மரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்து அது 1042-இல் டப்ளின் பகுதி ஓக் மரத்தில் கட்டியது என்று கண்டுபிடித்தார்கள். அதே கப்பலை, ரம்பம் தொடாமல், ஓக் மரத்தை ஆப்படித்துப் பிளந்து, கோடரியால் செதுக்கி மறுபடி கட்டினார்கள். ஸீ ஸ்டாலியன் என்று பெயர் வைத்து, 2007-இல் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் டப்ளினுக்கே போய்ச் சேர்ந்தார்கள். பிளந்த பலகையில் ரேகை அறுபடாது, அதனால் மெல்லியதாக இருந்தும் அலைக்கு வளைந்து கொடுக்கும். இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மரத்திலிருந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியுமா?

அமெரிக்காவின் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சார்லஸ் டபிள்யூ மார்கன், 1841-இல் கட்டிய திமிங்கில வேட்டைக் கப்பல். உலகில் அந்த வகை மரக்கப்பல் அது ஒன்றுதான் மிச்சம். ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்து, 2005 கத்ரீனா புயலில் சாய்ந்த, லைவ் ஓக் என்ற ஓக் வகை மரங்களையும் அதற்குப் பயன்படுத்தி, 2014-இல் மறுபடி கடலில் ஓட்டினார்கள். உளுத்த கட்டையை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் புதுக்கட்டை வைப்பது கப்பல் ஓடிய காலத்திலும் நடந்த வேலைதான், மரக்கப்பல் என்றாலே அப்படித்தான் உயிரோடு இருக்கும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் இருக்கும் அருங்காட்சியகமே எனக்கு ஒசத்தி. பட்டறை இருக்கிறதா, அன்றைக்குத் தச்சர் இருப்பாரா என்று போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரோஸ்கில்டேயில் கோடைக்காலத்தில் பார்வையாளர்களையும் படகில் ஏற்றித் துடுப்பைக் கையில் கொடுக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.