பிட் கிடைத்தும் சீட் கிடைக்கவில்லையே?

கேள்வி: என் தம்பி மகன் அமெரிக்காவில் ஒரு பெரிய விமான நிறுவனத்தில் போயிங் 737 ஓட்டும் துணை விமானி. அதைவிடப் பெரிய 777-க்கு ‘பிட்’ போட்டான், கிடைத்துவிட்டது என்றான். நாங்களும் பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பழைய விமானத்தைத்தான் ஓட்டுகிறான். ஏமாற்றுகிறார்களா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பையன் பயிற்சிக்காகக் காத்திருக்கிறான், அவ்வளவுதான். இந்த பிட் நம் பள்ளிக்கூடத்து பிட் இல்லை (அதை அடித்தால் வேலை போய்விடும்). எந்த ஊர், எந்த விமானம், கேப்டனா துணையா என்று விருப்பம் எழுதிக் கொடுப்பது. வேலையில் சேர்ந்த வரிசைப்படி மூத்தவருக்கே முதல் உரிமை. அவன் பேருக்கு இடம் விழுந்துவிட்டது, ஆனால் 737-க்கான டைப் ரேட்டிங்கை (அந்த ரகத்தை மட்டும் ஓட்டத் தரும் தகுதி) வைத்துக்கொண்டு 777-ஐத் தொட முடியாது. வகுப்பு, சிமுலேட்டர், அப்புறம் மூத்த கேப்டன் மேற்பார்வையில் நிஜப் பறத்தல் என்று எல்லாம் முடிந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு 777 கேப்டன் 65 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அந்த இடத்துக்கு ஒரு 737 கேப்டன் போகிறார், அவர் விட்டுப்போன இடத்துக்கு 777-இன் துணை விமானி ஒருவர் கேப்டனாக வருகிறார், அவர் நாற்காலிக்கு உங்கள் தம்பி மகன் மாதிரி ஒருவர், அவன் இடத்துக்குப் புதுப் பையன். ஒருவர் வீட்டுக்குப் போனதற்கு நான்கு பேருக்குப் பயிற்சி! சவுத்வெஸ்ட் மாதிரி 737 மட்டுமே வைத்திருக்கும் இடத்தில் துணை ஒருவர் கேப்டனாவார், புதியவர் ஒருவர் வருவார், இரண்டோடு முடிந்தது. ரகம் கூடக்கூட சிமுலேட்டரும் பயிற்சி ஆசிரியரும் தனித்தனி, அவசரத்துக்கு வைத்திருக்கும் மாற்று விமானிகளும் தனித்தனி, 737-க்காரர் சும்மா இருந்தாலும் 777-க்கு ஆகமாட்டார். அதனால்தான் 757-க்கும் 767-க்கும் ஒரே ரேட்டிங் போதும் என்கிற மாதிரி அமைந்த குடும்பங்கள் நிறுவனங்களுக்குப் பிடிக்கும்.

இவ்வளவு பேர் ஏன் இடம் மாறுகிறார்கள்? அங்கே பெரும்பாலான இடங்களில் பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளம். சரக்கு ஏற்றும் யுபிஎஸ்-இல் எந்த விமானம் ஓட்டினாலும் ஒரே சம்பள விகிதம், அந்த ஆசையே பாதி அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் ‘சீட் லாக்’ என்று சில காலம் அதே இடத்தில் பூட்டி வைப்பார்கள், செலவழித்த பணத்துக்கு வேலை வாங்க வேண்டுமே. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டிக்கடைத் தொழிலுக்கு) போன நம் ஐயாக்களுக்கு மூன்று வருஷக் கணக்கு இருந்ததே, பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி. கிட்டத்தட்ட அதேதான், கப்பலுக்குப் பதில் விமானம். இடம் உறுதி என்பதால் அர்ச்சனை வீண்போகவில்லை. பயிற்சித் தேதி எப்போது, தாமதத்துக்குக் கூடுதல் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சில இடங்களில் உண்டு.

கேள்வி: மகள் வணிக விமானி லைசென்ஸ் முடித்துவிட்டாள். ஒரே ரக விமானம் உள்ள நிறுவனமா, பல ரகமா? எதில் சேர்க்கலாம்?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேகமாக விமானங்கள் வாங்கிக்கொண்டிருக்கும் இடத்தில். வளரும் நிறுவனத்தில் ஒரே ரகம் என்றால் கேப்டன் நாற்காலி சீக்கிரம் வரும், வளராத இடத்தில் பத்து ரகம் இருந்தும் என்ன பயன்? ஒரே ரகத்தின் ஆபத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏர்பஸ் ஏ320 மட்டுமே வைத்திருந்த கோ ஃபர்ஸ்ட் நிறுவனம், என்ஜின் கிடைக்காமல் விமானங்கள் முடங்கியதைக் காரணம் சொல்லி 2023 மே மாதம் பறப்பதையே நிறுத்தியது. ஆனால் அதே ஏ320-ஐ இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஓட்டுவதால் அந்த விமானிகளுக்கு வேறு கதவு இருந்தது. நம் நாட்டில் அதிகம் பறக்கும் ரகத்தில் ரேட்டிங் எடுப்பதுதான் என் ஓட்டு. படத்தில் அழகாக இருக்கிறதே என்று பெரிய விமானத்தைத் தேடி இரண்டு வருஷம் வீட்டில் உட்கார வேண்டாம், அந்த இரண்டு வருஷத்தில் சேர்கிற அத்தனை பேரும் அவளுக்கு சீனியர்.